டெஸ்ட் நாள் நல்ல பிள்ளை

“டெஸ்ட் பண்றப்ப மட்டும் பச்சப்புள்ள மாதிரி நடிச்சிருக்கு. வெளிய வந்ததும் புகையா ஊதித் தள்ளியிருக்கு. மூணு வருஷமா நம்பி ஏமாந்துட்டேம்மா!”

ஆயர் குரோ கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் அந்தோணிராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணிக்கு மனசு கேட்கவில்லை.

“இந்தக் காலத்துப் பையனுங்களே அப்படித்தான் அண்ணே. அடிக்காதீங்க, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

“பையன் இல்லம்மா. வண்டி!”

அந்தோணிராஜ் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போகும் டீசல் பிக்கப்பைத் தயாரித்த கம்பெனிமேல்தான் அந்த வாரம் குற்றச்சாட்டு. சோதனைக்கூடத்தில் நிறுத்தினால் அதைத் தெரிந்துகொண்டு புகையைக் குறைக்கவும், சாலைக்கு வந்ததும் பழையபடி கக்கவும் வண்டிக்குள்ளேயே ஒரு புரோகிராமை ஒளித்து வைத்திருந்தார்களாம். கம்பெனி மறுத்திருந்தது. அந்தோணிராஜ் அந்த மறுப்பை நம்புவதாக இல்லை.

“வாங்கின புதுசுல சர்ச் வாசல்ல நிறுத்தி, ‘சுத்தமான டீசல்லா, பின்னாடி வந்து மோந்து பாருங்க’ன்னு ஆளாளுக்குக் கூப்பிட்டேன். ஃபாதரக்கூட விடல. அவரும் பாவம், குனிஞ்சு மோந்தாரு. என்னைய மாதிரி ஒரு மடையன் இந்த மலாக்காவுலயே கிடையாது.”

“மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அவர் மனைவி பிரிஜிட்.

“பாக்கட்டும்! இப்பல்லாம் எதுலதான் ஏமாத்து இல்ல? ரெம்பியா ஊரு முனியாண்டி கடையில ஆத்துற தே தாரிக் டீயிலகூட கிறிஸ்மஸுக்கு அப்புறம் பழைய ருசி...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிரிஜிட் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“...இல்லன்னு ஆளுங்க பேசிக்கிறாங்க,” என்று முடித்துவிட்டு, வராத இருமலை இரண்டு தரம் இருமினார்.

அவருக்கு இனிப்புநீர் வியாதி. போன தடவை டாக்டர் ஷாந்தினி, “அடுத்த டெஸ்ட்லயும் குறையலன்னா தினமும் இன்சுலின் ஊசிதான் அங்கிள்,” என்று சொல்லிவிட்டார். உர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடும் மனிதருக்கு ஊசியைப் பார்த்தால் மட்டும் கண் இருட்டும்.

ஆனாலும் இன்று கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தார். இரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் பாகற்காய்ச் சாறு குடித்தார், திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். இன்று ரிசல்ட்.

இருவரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டர் ஷாந்தினி கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினார்.

“இந்தத் தடவை வேற டெஸ்ட் எடுத்திருக்கோம் அங்கிள். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் இத ஏமாத்த முடியாது. மூணு மாசமா உடம்புல சீனி எப்படி இருந்துச்சுன்னு காட்டிரும்.”

அந்தோணிராஜ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“கொஞ்சம் இருங்க, லைன் ஸ்லோவா இருக்கு.”

அவரால் இருக்க முடியவில்லை.

“பாக்க வேணாம் டாக்டர், நானே சொல்லிடறேன். இவ்வளவு நேரம் வெளிய ஒரு வண்டியத் திட்டிக்கிட்டு இருந்தேன்ல? அந்த வண்டியே நான்தான்.”

“என்ன சொல்றீங்க அங்கிள்?”

“டெஸ்ட் வருதுன்னா ஒரு வாரம் பாகற்காய். முடிஞ்சா நேரா முனியாண்டி கடை. டின் பாலு, சீனி ரெண்டும் தூக்கலா, தினமும் ரெண்டு கிளாஸ் தே தாரிக். வண்டிக்காவது கம்பெனிக்காரன் புரோகிராம் போட்டான். நான் எனக்கு நானே போட்டுக்கிட்டேன். இவ பாவம், எனக்காக வீட்டுல சீனியே வாங்கறதில்ல. அவளுங்கூட வெறும் தேத்தண்ணியத்தான் குடிக்கிறா.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. பிரிஜிட்டின் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

“ஊசியே போட்டுருங்க டாக்டர். எனக்கு அதுதான் சரி.” கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார்.

“அங்கிள், கைய இறக்குங்க. ஊசி வேணாம்.” டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். “நல்லாவே குறைஞ்சிருக்கு. இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க, போதும்.”

அந்தோணிராஜ் முதலில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எப்படி டாக்டர் குறையும்? நேத்து சாயந்தரங்கூட ரெண்டு கிளாஸ் ஏத்துனேன்லா! உங்க மிஷினும் ஏமாத்துது. இதுலயும் எவனோ புரோகிராம ஒளிச்சு வெச்சிருக்கான்!”

பிரிஜிட் கைப்பையை எடுத்துக்கொண்டு நிதானமாக எழுந்தாள்.

“புரோகிராம் மிஷின்ல இல்ல டாக்டர்.”

“அப்புறம் எங்க ஆன்ட்டி?”

“முனியாண்டி கடையில. கிறிஸ்மஸ்லருந்து இவரு கிளாஸ்ல டின் பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. வெறும் பாலும், நான் வாங்கிக் குடுத்த சீனியில்லாத இனிப்புத் தூளும்தான்.”