விழாத பனி

வில்ஹோ இறந்த பிறகு, அவர் டிராக்டரில் மாட்டி ஓட்டிய பனி வாரும் இயந்திரத்தை மனைவி ஐலி விற்றுவிட்டார். முப்பது மைல் தள்ளி ஏரிக்கரையில் குடியிருந்த ஆர்னே அதை வாங்கித் தன் சின்ன டிராக்டரின் முன்னால் பூட்டிக்கொண்டான்.

முதல் பனி முழங்கால் உயரத்துக்குப் பெய்தது. காலையில் வாசல் பாதையை வாரினான். இயந்திரத்தின் குழாய் வழியாகப் பனி எழும்பி ஓரத்துக்குப் பறந்தது. முடித்துவிட்டு இறங்கிப் பார்த்தான். பாதை சுத்தமாக இருந்தது. ஓரத்தில் குவியல் எதுவும் இல்லை.

அப்போது ஐலி போன் செய்தார்.

"ஆர்னே, இப்பத்தான் பனி வாரினீங்களா?"

"ஆமா. யார் சொன்னா?"

"இங்க ஒரு பொட்டுப் பனி பெய்யல. ஆனா சமையலறை ஜன்னலைப் பாதிக்குப் பனி மூடிக்கிச்சு." குரல் நிதானமாக இருந்தது. "நான் பாத்திரம் கழுவ நின்னா போதும், அந்த மனுஷன் வேணும்னே பனியை ஜன்னல் மேல வீசுவாரு. நாப்பது வருஷமாத் திட்டியிருக்கேன்."

"மெஷினைத் திருப்பிக் கொண்டாந்துடட்டுமா?"

"வேண்டாம். பனி அங்கதானே இருக்கு."

போனில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"இன்னும் நாலஞ்சு பாத்திரம் மிச்சமிருக்கு" என்றார் ஐலி.

வாசலில் வாருவதற்கு ஒன்றும் மீதி இல்லை. ஆர்னே டிராக்டரைக் கிளப்பி, வீட்டுக்குப் பின்னால் யாருமே நடக்காத, பனி மூடிக் கிடந்த புல்வெளிக்குள் இறக்கினான்.