கோப்பைக்காரருக்கு ஒரு சாட்சி

மார்போடு அணைத்து வந்த படத்தை அந்த அம்மாள் மேசைமேல் நிமிர்த்தி வைத்தாள். கால்பந்துப் பயிற்சியாளர் ஓர் இளைஞனின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கோப்பைக்காரருக்குப் பேச ஆள் வந்தாச்சு" என்றார் விருதுக்குழுத் தலைவர்.

தேசிய விருதில் கால்பந்துக்கு இருந்ததோ ஒரே இடம். நாட்டுக்கு முதல் கோப்பை வாங்கித் தந்தவருக்கா, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களை வைத்தே அரையிறுதிவரை போனவருக்கா என்று காலையிலிருந்து இழுபறி. பயிற்சியாளர்களை அறிந்த பொதுமக்கள் வந்தால் கேட்டுவிட்டு முடிப்பதாக இருந்தார்கள். வந்தது இந்தத் தையற்காரம்மாள் மட்டும்தான்.

"உக்காருங்கம்மா. படத்துல இருக்கறது உங்க பையனா?"

"ஆமா சார். அவர்கிட்டதான் ஆடினான். நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பதறாம சொல்லுங்க. ஆள் ரொம்பக் கண்டிப்போ?"

"கண்டிப்புதான் சார். உச்சி வெயில்லயும் ஓடச் சொல்லுவார். முடியற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டார். ஒருத்தன் உக்காந்துட்டா எல்லாரும் இன்னொரு ரவுண்டு ஓடணும். அதான் சார், அன்னைக்கு..."

"கேட்டீங்களா?" தலைவர் பக்கத்திலிருந்த முன்னாள் கோல்கீப்பர் பக்கம் திரும்பினார். "கோப்பை சும்மா வருமா? பெத்த தாயே வந்து சொல்றாங்க."

கோல்கீப்பர் காலையிலிருந்து துறைமுகத்துக்காரருக்காக வாதாடிக்கொண்டிருந்தவர். ஒரு தாயின் பேச்சை மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, அவருக்கே குடுத்துடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

"சார், நான் இன்னும் முடிக்கலை."

யார் காதிலும் விழவில்லை. செயலாளர் அதற்குள் அமைச்சகத்துக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த டிவியில் கோப்பைக்காரரின் முகம் வந்தது. கீழே விருதுச் செய்தி ஓடியது.

அம்மாள் நின்றபடியே அதைப் பார்த்தாள். அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. படத்தை எடுத்துக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

தலைவர் வாசல்வரை கூடவே வந்தார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா இன்னைக்கு முடிஞ்சிருக்காது. ஆமா, பையன் இப்போ எந்த டீம்ல ஆடறான்?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அவர்கிட்ட பயிற்சிக்குப் போனவன் பொணமாத்தான் வந்தான் சார்."