அசையாத துண்டு

அவன் அம்மாவை மூன்றாவது முறையாகச் சுருக்கினான்.

காலையில் அவள் இரண்டு ஜிபி இருந்தாள். இப்போது இருநூறு எம்பி. அதுவும் போய்ச் சேரவில்லை. தங்கையின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

தங்கை தேன்மொழி இருப்பது அந்தமானுக்கும் தெற்கே ஒரு சின்னத் தீவில். கணவனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. நெட் வரும். விருந்தாளி மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வரும். வந்த வேகத்தில் கிளம்பியும் விடும்.

பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கலாம். மழையில் கப்பல் நின்றுவிட்டது.

இன்றைக்கு அம்மாவின் திதி.

"போட்டோ வேண்டாண்ணே," என்று தங்கை நேற்றே சொல்லிவிட்டாள். "அது இங்க சுவத்துல மாலையோட இருக்கு. உசுரோட அம்மா எப்படி இருப்பான்னு ஒருவாட்டி பாக்கணும்."

எப்படி நடப்பாள், கூப்பிட்டால் எப்படித் திரும்புவாள்.

அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அம்மா போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவனோ இரண்டாம் வகுப்பு. தங்கையின் பங்கையும் சேர்த்துத் தானே தின்றுவிட்டதுபோல அவனுக்கு இன்றைக்கும் இருக்கும்.

அம்மா போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அப்பா தோளில் வைத்து எடுக்கிற வீடியோ கேமரா ஒன்று கொண்டுவந்தார். லீவு முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. தங்கையின் காதுகுத்து முழுவதும் கேசட்டில் ஏறியது. அதை ஓட்டிப் பார்க்க வீட்டில் பெட்டி இல்லை; தங்கை தீவுக்குப் போன பிறகுதான் ஒரு கடையில் கொடுத்து அவன் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தான்.

சுருக்கியதை ஓட்டிப் பார்த்தான்.

மெஷினுக்கு ஒரு குணம். அசையாததை அப்படியே வைத்துக்கொள்ளும். அசைவதைத்தான் கட்டம் கட்டமாக உடைக்கும்.

பீரோ பளிச்சென்று இருந்தது. காலண்டரில் முருகன் வேலும் மயிலுமாக நின்றார். பெரியப்பா சேரில் இருந்தார். காது குத்துமுன் உட்கார்ந்த மனிதர் பந்திக்குத்தான் எழுந்தார். அவர் மீசையை முடி முடியாக எண்ணலாம்.

அம்மா ஒரு மஞ்சள் கறை.

காப்பித் தட்டோடு வந்தாள், கட்டங்களாக. இலை போட்டாள், கட்டங்களாக. காது குத்தியதும் வீரிட்ட குழந்தையை மாமா மடியிலிருந்து வாங்கினாள். இரண்டு கறைகள் ஒன்றாயின.

வேலை செய்யாதவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. பெரியப்பா வருகிற இடங்களையெல்லாம் வெட்டி எறிந்தான். படத்தை உள்ளங்கை அளவுக்குக் குறைத்தான். அம்மா இன்னும் சின்னக் கறையானாள், அவ்வளவுதான்.

ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம் அவள். எங்கே நின்றாள்? அடுப்படிக்கும் கொல்லைக்கும் அவள் போகிற போக்கில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடுவான். ஈரச் சேலை முகத்தில் படும். சோப்பு வாசனையும் தாளித்த வாசனையும் சேர்ந்து வரும். முகத்தைவிட அந்த முதுகுதான் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கேசட்டின் தொடக்கத்தில் ஒரு துண்டு இருந்தது. அதில் எதுவும் நடக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டிருந்தான்.

கேமரா வீட்டுக்கு வந்த முதல் நாள். கொல்லையில் துவைக்கிற கல் பக்கம்.

வீடியோ என்றால் என்னவென்று அம்மாவுக்கு அன்று தெரியாது. கேமராவைத் தூக்கினால் நிற்க வேண்டும், அதுதான் தெரியும். முந்தானையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து, நேராகப் பார்த்து நிற்கிறாள். அவள் தோளில் தங்கை தூங்குகிறாள். பக்கத்தில் அவன், டிராயரோடு கைகளை ஒட்டிக்கொண்டு, கொடியேற்றத்துக்கு நிற்கிறவன்போல.

அந்தத் துண்டை மட்டும் எடுத்துச் சுருக்கினான். எட்டு எம்பி.

மூக்குத்தி தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி தெரிந்தது. சத்தம் வைக்காமலே அவன் ஸ்கிரீனுக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தான்.

ஆனால் இதில் அவள் நடக்கவில்லை. திரும்பவில்லை. இதற்கும் சுவரில் தொங்குகிற போட்டோவுக்கும் என்ன வித்தியாசம் என்று தங்கை கேட்பாள். அனுப்ப மனசே வரவில்லை.

அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் தங்கை கணவனின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"நின்னுபோச்சுண்ணே." தன் போனை டொக் டொக்கென்று தட்டினாள். "அம்மா வந்தா. அத்தோட நின்னுபோச்சு. வட்டங்கூடச் சுத்தல."

"நிக்கலட்டி. ஓடுது. பாத்துக்கிட்டே இரு."

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே. அம்மா கண்ண மூடித் தெறக்கா."

அவன் போனைக் காதோடு அழுத்தினான்.

மழைக்கு நடுவே வீடியோவில் அப்பாவின் சிரிப்பு கேட்டது. ஏட்டி, இது போட்டோ இல்ல, அசையலாம் என்கிறார். அவர் சொன்னதை நம்பாமல், உதடு அசையாமல், படம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு அம்மா கேட்டாள்.

"எடுத்தாச்சா?"

துண்டு அதோடு முடிந்தது. தங்கை அந்தக் குரலைக் கேட்பது இதுதான் முதல்முறை.

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடி மழை, அப்பாவின் சிரிப்பு.

"எடுத்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா," என்றாள் தங்கை.