விலை எழுதாத கடை

காளிச்சாமி தொண்டாமுத்தூரில் தன் வீட்டு முன்னறையிலேயே புதிதாக மளிகைக் கடை வைக்கவிருந்தார். பெயர்ப்பலகை எழுத வந்த ஜெரோமுக்கு அவர் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை.

“விலையெல்லாம் எழுதிப்போடட்டுங்களா?”

“வேண்டாங் கண்ணு. கேட்டா சொல்லிக்கறேன்.”

“உங்க நாற்காலியாவது வாசப்பக்கம் போடுங்க.”

“அது உள்ரூம்புலயே இருக்கட்டும்.”

“அப்ப ஒரு காலிங்பெல் வெச்சிருங்க. ஆள் வந்தா எப்படித் தெரியுமுங்க?”

“கூப்பிட்டா வாரேன்.”

“இப்படி யாவாரம் பண்ணுனா சீக்கிரமே கடையச் சாத்தோணுமுங்க!” ஜெரோம் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலையில் கடை திறந்தது. காளிச்சாமி உள்ளறையில் காத்திருந்தார். முதல் ஆளாக வந்த பெண், துவரம்பருப்பை அள்ளிப் பார்த்தாள். விலையையும் காணோம், ஆளையும் காணோம். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க...”

காளிச்சாமி எழுந்தார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மனைவி சின்னாத்தாள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

எழுந்தவர், சத்தமில்லாமல் மறுபடியும் உட்கார்ந்தார்.

இன்னொரு தரம் கூப்பிடட்டும்.