மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர்

நாங்கள் வந்த நான்காவது நாளும் சிங்கன் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிங்கன் எங்கள் நாய் இல்லை. எங்களுக்கு முன்னால் இந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த செங்குட்டுவனின் நாய். அவர் போய்விட்டார், அது போகவில்லை. எங்கள் கேட்டுக்கு வெளியே, பலா மர நிழலில், ஷிப்ட் பஸ் வரும் திசையைப் பார்த்துப் படுத்திருக்கிறது.

மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர். ராஜஸ்தான் சுரங்கத்திலிருந்து என் கணவர் ஃபெலிக்ஸ் நெய்வேலிக்கு, நெய்வேலியிலிருந்து செங்குட்டுவன் அங்கே. நாங்கள் காலி செய்த வீட்டில் அவர், அவர் காலி செய்த வீட்டில் நாங்கள். கேஸ் அடுப்பையும் கூலரையும்கூடப் போனிலேயே பேசி மாற்றிக்கொண்டோம். நாயைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

ரயிலில் எங்களோடு வந்தது கூடையில் மிளகு என்கிற பூனை, கூண்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். குருவிகள் இறங்கிய அன்றே கத்த ஆரம்பித்துவிட்டன. மிளகு அரிசி மூட்டையைத் தன் இடமாக்கிக்கொண்டது. எல்லோரும் பழகிவிட்டோம் என்றுதான் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

பொய். சாப்பிட உட்கார்ந்து செபம் சொல்லி முடித்ததும் என் கை தானாக மேசைக்கு அடியில் போகிறது. ஃபெலிக்ஸ் அதைப் பார்க்காததுபோல் சோற்றைப் பிசைகிறார்.

சிங்கனுக்கு முட்டை சோறு வைத்தேன். பாலில் பொறையை ஊறவைத்துக் கொடுத்தேன். நேற்று கோழிக்கால் வேகவைத்தேன், அதை எறும்பு தின்றது. தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. இன்று காலை அது எழுந்தபோது பின்னங்கால் மடங்கிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். வியாதி ஒன்றுமில்லை, எப்படியாவது தின்ன வையுங்கள், இல்லையென்றால் இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு புஷ்பவல்லி அக்காதான் வழி சொன்னார். "அது அப்பிடித்தாங்க. அவரு பஸ்ஸ விட்டு எறங்கி, 'டூட்டி முடிஞ்சிடுச்சிடா, வா சாப்புடலாம்'னு கொரல் குடுத்தாத்தான் வாய வெக்கும்."

அந்த ஒரு குரலுக்காகத்தான் மத்தியானம் இரண்டரை மணிக்கு, மண்டையைப் பிளக்கிற வெயிலில், தட்டையும் போனையும் வைத்துக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஃபெலிக்ஸ் எனக்குப் பின்னால் நிற்கிறார்.

செங்குட்டுவன் போனை எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிங்கா... டூட்டி முடிஞ்சிடுச்சிடா. வா, சாப்புடலாம்."

சிங்கன் தடுமாறி எழுந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக வால் ஆடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டை அதன் மூக்குக்கு நேரே தள்ளினேன்.

அது தட்டைத் தாண்டிப் போய், பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நின்றது. சாலையில் யாரும் இல்லை. பிறகு திரும்பி வந்து, அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "நீங்கல்லாம் மனுஷங்கதானா சார்? இத்தன வருஷம் சோறு போட்டு வளத்துட்டு, இப்பிடித் தெருவுல விட்டுட்டுப் போக எப்பிடி மனசு வந்துச்சு?"

ஃபெலிக்ஸ் என் தோளைத் தொட்டார். உதறிவிட்டேன்.

செங்குட்டுவன் கோபப்படவில்லை. ரயிலில் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோனால் நாய் தாங்காது என்றார்களாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானே ஒங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேங்க. இங்க கேட்டாண்ட ஒரு வெள்ள நாயி படுத்துகினு இருக்குது. வாட்ச்மேன் வூட்டுல கட்டிப்போட்டா அறுத்துகினு வந்துடுது. ரொட்டி, பாலு, எதையும் தொடலங்க. அதுக்கு என்னா சொல்லணும் மேடம்?"

ரூபி.

பதின்மூன்று வயது. ரயிலில் தாங்காது என்று எங்களிடமும் சொன்னார்கள். வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செங்குட்டுவன் சொன்ன அதே காரணத்தைத்தான், வார்த்தைக்கு வார்த்தை, நாங்களும் சொல்லிக்கொண்டு ரயில் ஏறினோம்.

மேசைக்கு அடியில் அதன் தட்டு இருக்கும். நாங்கள் செபம் சொல்லி முடிக்கும்வரை அதில் வாய் வைக்காது. ஆமென் என்ற பிறகுதான் முதல் வாய். விளையாட்டாகப் பழக்கியது நாங்கள்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டதும் நாங்கள்தான்.

ஃபெலிக்ஸ் குனிந்து போனை வாங்கினார். ரூபியின் முன்னால் தட்டை வைத்து ஸ்பீக்கரில் போடும்படி செங்குட்டுவனிடம் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் சொல்வதுபோலவே முழு செபத்தையும் நிதானமாகச் சொன்னார்.

ஆமென் என்றோம், இரண்டு பேரும்.

தட்டு நகரும் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தோம்.

செங்குட்டுவன்தான் பேசினார்.

"எழுந்துடுச்சிங்க. வாலு ஆடுது." கொஞ்சம் பொறுத்து, மெதுவாகச் சொன்னார். "தட்டாண்ட வரலங்க. ரோட்டப் பாத்துகினு நிக்குது."