என்ஜின் சூடு

“யம்மா, அந்த வாயக் கொஞ்சம் மூடு! வண்டி ஓட்டறதா, உன் கத்தலக் கேக்கறதா?”

டிரைவர் செல்லமுத்து போட்ட அதட்டலில் முன் சீட்டில் ‘யா, யா’ என்று சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்த கோமுகி கப்சிப் ஆனாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் அந்த மனிதர் சிரித்துப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஸ்டாப்பிங் தவிர வேறெங்கும் பிரேக்கில் கால் வைக்காத ஆசாமி.

பக்கத்தில், புளி விற்ற காலி சாக்கை மடியில் வைத்திருந்த கொளஞ்சியம்மாள் மெல்லக் கேட்டாள்.

“இன்னா பாஷைடி அது?”

“ஸ்பானிஷ், அத்தை. மெட்ராஸ்ல தங்கிப் படிச்சேன்ல? அங்க ஒரு கம்பெனி வேலை. ஸ்பெயின்காரங்க போன் பண்ணா பதில் சொல்லணும். இன்னிக்குப் போன்லயே இன்டர்வியூ. மத்தியானமே கூப்புடறேன்னாங்க, கள்ளக்குறிச்சிலயே உக்காந்துகினு இருந்தேன். கடைசில நாலு மணின்றாங்க. இந்த பஸ்ஸ வுட்டா வேற பஸ் ஏது?”

“மலை ஏறிட்டா டவர் கெடைக்காதே?”

“அதான் பயமா இருக்கு. போன தடவ பேசிக்கினு இருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சி. இன்னிக்கும் கட்டானா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க.”

“அதுக்கு இன்னாத்துக்கு யா, யான்னு கத்துற?”

“அந்த ஒரு வார்த்தைதான் உசுர வாங்குது. ‘இப்பவே’ன்னாலும் யா. ‘யா வொய்’னா, தோ வந்துட்டேன். ‘யா நோ’ன்னா, இனிமே இல்ல. ‘யா, யா’ன்னு இழுத்தா, ஆமாமா நீ சொல்லிட்டன்னு கிண்டல். ‘யா எஸ்தா’ன்னா, அவ்ளோதான், முடிஞ்சிச்சி.”

“சரிதான் போ. நாம இந்த ‘சரி’ய வெச்சிகினே காலத்த ஓட்டறமே, அது மாரி.”

செல்லமுத்து பாட்டுச் சத்தத்தை இன்னும் கூட்டினார். ‘மனுஷனா இவரு!’ என்று கோமுகிக்கு அழுகையே வந்துவிட்டது.

வடக்கனந்தல் போனது. கச்சிராயபாளையம் போனது. நாலு மணி தாண்டியும் போன் வரவில்லை. பஸ் மலைப்பாதையில் ஏற ஆரம்பித்த பிறகுதான் அடித்தது.

“ஓலா!” என்று வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்தவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த வளைவு தாண்டினால் ஒன்றும் இருக்காது.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓரமாக நின்றது. என்ஜின் அணைந்தது. பாட்டும் நின்றது.

“அண்ணே, இன்னா ஆச்சி?” என்று கண்டக்டர் வீரமுத்து பின் படிக்கட்டிலிருந்து கத்தினார்.

“என்ஜின் சூடு. ஆறணும்.”

அவ்வளவுதான், பஸ்ஸே கொதித்துவிட்டது.

“தே, வண்டிய எடுய்யா! ரேஷன் கடைய மூடிடுவான்!” என்று எழுந்தார் பொன்னுரங்கம். “காலைல ஏறும்போது சூடாவல, இப்ப மட்டும் இன்னா?”

“ஆறணும்.”

“உம்மேல புகார் பண்றேன் பாரு!”

“பண்ணுங்க. இங்கேருந்தே பண்ணுங்க. அந்த வளைவுக்கு மேல டவர் கெடையாது.”

செல்லமுத்து துணியை எடுத்து நிதானமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த நிதானத்தைப் பார்த்து பொன்னுரங்கத்துக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கோமுகி ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, இன்டர்வியூ செய்த பெண்மணி கேட்டாள், “யா என்ற வார்த்தையை எங்கெங்கே சொல்வார்கள்? ஸ்பானிஷிலேயே விளக்குங்கள்.”

இத்தனை நாள் உருப்போட்டது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸுக்குள்ளோ சந்தை இரைச்சல்.

“இப்பவே எடுக்கிறியா இல்லியா?” இது பொன்னுரங்கம்.

இப்பவே! கோமுகிக்குச் சட்டென்று பிடி கிடைத்தது. அதைச் சொன்னாள்.

“வீரமுத்து, முன்னாடி வந்து இன்னான்னு பாரேம்பா!”

“தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்!”

அதையும் சொன்னாள்.

“இனிமே இந்த பஸ்ல ஏறுனா ஏன்னு கேளு!”

அதையும்.

“ஆமாமா, சூடாம் சூடு! நாங்க நம்பிட்டோம்!”

கோமுகிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அதையும் சொன்னாள். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. ஏதோ சொன்னார்கள். கோமுகி எழுந்தே நின்றுவிட்டாள்.

“கிராசியாஸ்... கிராசியாஸ் மேடம்!”

நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டுக் கொளஞ்சியம்மாளைக் கட்டிக்கொண்டாள். “அத்தை, யா எஸ்தா! திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க!”

அவள் சொல்லி வாயை மூடவில்லை, என்ஜின் உறுமியது. பாட்டு பழையபடி அலறியது. பஸ் வளைவில் திரும்பியது.

நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்ட பொன்னுரங்கம் விடுவதாக இல்லை.

“இன்னாபா, அதுக்குள்ள சூடு ஆறிடுச்சா?”

செல்லமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே சொன்னார்.

“யா எஸ்தா.”