மதிலோரம் ஒரு வரிசை

விடிந்ததும் புருஷனை விட்டுப் போய்விடுவது என்று எஸ்தர் முடிவே கட்டிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயசில் இதென்ன கூத்து என்று யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு முழுக்க வாயில் போட்டு மெல்லும். மென்றுவிட்டுப் போகட்டும்.

பெற்ற பிள்ளையைத் துரத்திய மனுஷனோடு இன்னும் எத்தனை நாள் இருப்பது?

மகன் வில்ஃப்ரெட் இடக்கைக்காரன். புல் அறுப்பில் ஆட்கள் வரிசையாக நடந்து நெடும்பிடி அரிவாளை வீசினால், எல்லார் புல்லும் இடப்பக்கம் விழும். அவன் புல் மட்டும் வலப்பக்கம். மூன்று வருஷத்துக்கு முன் அத்தனை ஆட்கள் நடுவில் அப்பன் ஆமோஸ் கத்தினார்: "வரிசையைக் கெடுக்கவே பொறந்திருக்கே. போய்த் தொலை."

போனவன்தான். ஒரு கடிதம்கூட இல்லை.

ஆனால் வருகிறான். எஸ்தருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அறுப்பு தொடங்கும் காலையில், ஆற்றோர மதிலையொட்டி ஒரே ஒரு வரிசை அறுபட்டு, வலப்பக்கமாக விழுந்து கிடக்கும். "உன் பையன் வந்துட்டுப் போயிருக்கான்" என்று விட்டேற்றியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார் ஆமோஸ். அப்பன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தானே பிள்ளை வயலோடு திரும்பிப் போகிறான்!

நேற்று ஒருவர் நோட்டும் பென்சிலுமாக வந்திருந்தார். கல்லூரியில் வாத்தியாராம். பழைய சொற்களைச் சேகரிக்கிறாராம். ஓர் ஆள் நடந்துகொண்டே அறுத்துப் போடுகிற புல் வரிசைக்கு இங்கே என்ன பேர் என்று கேட்டார்.

"ஸ்வாத்" என்றாள் எஸ்தர்.

"வயலுக்கு வர்றதுக்கு முன்னால அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம்மா. ஆயிரம் வருஷம் முன்னாடி, ஒருத்தர் நடந்து போன காலடித் தடத்தைத்தான் அப்படிச் சொன்னாங்க."

எஸ்தர் பட்டென்று சொன்னாள்: "அதுக்குப் புஸ்தகம் எதுக்குங்க? மூணு வருஷமா அந்தத் தடத்தைப் பாத்துத்தான் உயிரோட இருக்கேன்."

ஆமோஸ் டீக் கோப்பையிலிருந்து தலையே தூக்கவில்லை. கல்நெஞ்சக்காரர்.

விடிந்தால் இந்த வருஷத்து அறுப்பு. தடத்தைப் பார்த்தது போதும், இந்தத் தடவை ஆளையே பார்த்துவிட வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவனோடேயே போய்விட வேண்டும்.

விடிகாலையில் ஆமோஸ் மாடு கறக்க எழுந்து போனதும், இரண்டு உடுப்பையும் மகனுக்குப் பிடித்த இஞ்சிக் கேக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் புல் அறுபடும் சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

ஆமோஸ்.

மகன் விட்டுப்போன இடக்கை அரிவாளோடு தடுமாறிக்கொண்டிருந்தார். முனை மண்ணில் குத்தியது. பிடுங்கி மறுபடி வீசினார். புல் வலப்பக்கம் விழுந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார்.

அப்படியானால் பிள்ளை வரவில்லை. ஒரு வருஷம்கூட வரவில்லை. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு வந்த வழியே வீட்டுக்குப் போய், மூட்டையைப் பிரித்து, கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

ஆமோஸ் உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உன் பையன் வந்துட்டுப் போயிருக்கான்."

எஸ்தர் இஞ்சிக் கேக்கை வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

"பாத்தேன். போன வருஷத்தைவிட நேரா அறுத்திருக்கான், நம்ம பையன்."